பம்பரம் விழுந்ததா, இல்லையா?

ஜூலை மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு: இன்செப்ஷன். சென்னையில் பொறியியல் படிக்கும் என் பேரன் சனிக்கிழமை வந்தால் பை வைத்த கையோடு கணினியைத் திறந்துவிடுவான். "தாத்தா, இங்க வாங்க, இதைப் பாருங்க" என்பான். பார்த்தால், பாரிஸ் நகரத்துத் தெரு ஒன்று வீடு, வாசல், மரம், மோட்டார் வண்டி எல்லாவற்றோடும் எழும்பி, பாய் சுருட்டுகிற மாதிரி தலைக்கு மேலே வந்து கவிழ்கிறது.

நான் பாரிசைக் கண்ணால் கண்டவனில்லை. ஆனால் எங்கள் காலத்து பிரெஞ்சுப் பள்ளிப் படிப்பு எப்படியென்றால், நம் செஞ்சி ஆறு எங்கே உற்பத்தியாகிறது என்று எனக்குத் தெரியாது. சேன் நதி லாங்ர் மேட்டுநிலத்தில் உற்பத்தியாகிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மனப்பாடம் செய்த ஊர் மடங்கிக் கவிழ்வதைப் பார்க்க எனக்கும் ஆசை வந்துவிட்டது.

"உங்களுக்குப் புரியாது தாத்தா. எங்களுக்கே ரெண்டு தடவை பார்த்தாத்தான் புரியுமாம்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை. புரியாத படம் வரப் போகிறது என்பதற்காக ஒரு தலைமுறையே காத்துக் கிடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

நம் காலத்தில் படத்துக்குக் காத்திருப்பது வேறு விதம். கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பான். அதில் கதைச் சுருக்கம் முக்கால்வாசி அச்சடித்திருக்கும். வில்லன் கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு போகிற இடத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித் திரையில் காண்க' என்று போட்டிருப்பார்கள். கதை தெரிந்துகொண்டுதான் உள்ளே போவோம். தெரிந்த கதையை எப்படிச் சொல்கிறான் என்று பார்ப்பதுதான் சுகம். ராமாயணம் கேட்கப் போகிறவன் சீதை கிடைப்பாளா என்று தெரிந்துகொள்ளவா போகிறான்? இவர்களோ கதையை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று காதைப் பொத்திக்கொண்டு திரிகிறார்கள்.

அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கீழே கதையைச் சொல்லப் போகிறேன். படம் பார்க்கப் போகிற இளைஞர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். என் வயதுக்காரர்கள் தாராளமாகப் படிக்கலாம். இதைப் பாட்டுப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன். இவருடைய 'மெமென்டோ' 2000-இல் வந்தது. நம் 'கஜினி'யில் மறதிக்காரன் உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்டு அலைவது அங்கிருந்து வந்த யோசனைதான். இந்தப் படத்தின் கருவைப் பத்து வருடம் போல மனதில் வைத்திருந்து எழுதினாராம்.

கதை இதுதான். காப் என்பவன் ஒரு திருடன். திருடுவது பணத்தையல்ல, அடுத்தவர் கனவுக்குள் புகுந்து ரகசியத்தை. டிகாப்ரியோ நடித்திருக்கிறார். மனைவியைக் கொன்றவன் என்ற பழி அவன் மேல் இருப்பதால் அமெரிக்காவுக்குத் திரும்ப முடியவில்லை. இரண்டு சின்னக் குழந்தைகள் அங்கே பாட்டியிடம். சைட்டோ என்ற ஜப்பானியப் பணக்காரர், "எனக்கு ஒரு வேலை செய்து கொடு, நீ வீட்டுக்குப் போக வழி செய்கிறேன்" என்கிறார். வேலை, திருடுவதல்ல, விதைப்பது. போட்டி நிறுவனத்தின் வாரிசான ஒரு பையனின் மனதில், அப்பா விட்டுப்போன சாம்ராஜ்யத்தைக் கலைத்துவிடலாம் என்ற எண்ணத்தை, அது தன் சொந்த எண்ணமே என்று அவன் நம்பும்படி ஊன்ற வேண்டும். அதற்காகக் கனவு, கனவுக்குள் கனவு, அதற்குள் இன்னொரு கனவு என்று மூன்று மாடி கீழே இறங்குகிறார்கள். அதற்கும் கீழே அடியில்லாத கிணறு மாதிரி ஓர் இடம் இருக்கிறது. அங்கே விழுந்தால் எது கனவு, எது நனவு என்பதே மறந்துபோகும்.

சிக்கல் நேரக் கணக்கில். கனவுக்குள் நேரம் நீளும். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகிற விமானத்தில் பத்து மணி நேரம் தூங்கினால், முதல் கனவில் ஒரு வாரம், இரண்டாவதில் ஆறு மாதம், மூன்றாவதில் பத்து வருடம் என்கிறார்கள். மருந்து கொடுக்கிற ரசாயனக்காரன் மூளை இருபது மடங்கு வேலை செய்யும் என்றும் சொல்லியிருந்தான். முப்பத்தைந்து வருடம் ஓய்வூதியக் கணக்குப் பார்த்தவனால் சும்மா இருக்க முடியுமா? இடைவேளையில் டிக்கெட்டின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தேன். 10-ஐ 20-ஆல் பெருக்க 200 மணி, எட்டு நாளுக்குச் சற்று மேல். அதை 20-ஆல் பெருக்க 4,000 மணி, ஐந்தரை மாதம். இன்னொரு 20-ஆல் பெருக்க 80,000 மணி, ஒன்பது வருடத்துக்குச் சற்று மேல். கணக்கு ஏறக்குறைய சரி. பேரனிடம் காட்டினேன். அவன் டிக்கெட்டையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். பாப்கார்ன் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினான். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இதனால் தெரிவது, படம் நாம் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. ஒவ்வொரு மாடிக்கும் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். முதல் மாடி மழை பெய்கிற ஊர், இரண்டாவது ஹோட்டல், மூன்றாவது பனிமலை. மழை தெரிந்தால் மேலே, பனி தெரிந்தால் கீழே. என்னுடைய ஆங்கிலம் 1954-க்குப் பிறகு உத்தியோகத்துக்காகக் கற்ற கோப்பு ஆங்கிலம். அவர்கள் பேசியதில் பாதி காதில் விழவில்லை. ஆனாலும் வழி தப்பவில்லை. கண் சொல்லிக்கொடுத்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவிக்கு விளக்குகிற சாக்கில் விதிகளை நமக்கும் விளக்கிவிடுகிறார்கள். அவள் பெயர் அரியாட்னி. கிரேக்கக் கதையில் சுழல்வழிக் கோட்டைக்குள் போகிறவனுக்கு நூலுருண்டை கொடுத்து அனுப்பிய பெண்ணின் பெயர் அது. பெயரிலேயே குறிப்பு வைத்திருக்கிறார்.

'அந்த நாள்' வந்த வருடம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். 1954. எனக்குப் பதினைந்து வயது. பாட்டே இல்லாத படமா என்று ஊரெல்லாம் சிரித்தது. ஒரே கொலை, ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்ல, எஸ். பாலச்சந்தர் கதையை முன்னும் பின்னும் நகர்த்தினார். கொட்டகையில் கூச்சல் போட்டவர்களும் உண்டு, இமைக்காமல் பார்த்தவர்களும் உண்டு. அன்று அதைப் பார்த்துப் புரிந்துகொண்ட நாம்தான் இன்று, "இதெல்லாம் நமக்கெதுக்கு, தலைவலி" என்கிறோம். வயதானால் முழங்கால் மடங்காது, ஒப்புக்கொள்கிறேன். மூளையும் மடங்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

குறைகளும் சொல்லிவிடுகிறேன். பனிமலைச் சண்டை மிக நீளம். யார் யாரைச் சுடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியவில்லை, பேரனுக்கும் தெரியவில்லை. அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். இன்னொன்று, இவர்கள் காணும் கனவுகள் எல்லாம் அலுவலகக் கோப்பு மாதிரி பக்க எண் போட்டு ஒழுங்காக இருக்கின்றன. என் கனவில் இறந்துபோன அம்மா கருவூலக் கவுன்ட்டரில் உட்கார்ந்து சுண்டல் விற்பார். நான் அதற்கு மூன்று பிரதி ரசீது கேட்பேன். அந்தக் கோணல் இந்தப் படத்தில் இல்லை. மாறாக, ஹோட்டல் தாழ்வாரம் உருள, சுவரிலும் கூரையிலும் கால் வைத்துச் சண்டை போடுகிற காட்சி ஒன்று இருக்கிறது. கணினி வித்தை என்று நினைத்தேன். இல்லையாம், இங்கிலாந்தில் பழைய ஆகாயக்கப்பல் கொட்டகைக்குள் நிஜமாகவே சுழலும் தாழ்வாரம் கட்டி எடுத்தார்களாம். அதற்கு எழுந்து நின்று கைதட்டலாம்.

படத்தைப் பற்றிச் சொன்னதும் காலை நடைப்பயிற்சி நண்பர் ஒருவர், "எல்லாம் நம்ம புராணத்துல இருக்கறதுதானே" என்றார். நாரதர் கதையைச் சொன்னார். தண்ணீரில் ஒரு முழுக்குப் போட்டு எழுந்த நாரதர் பெண்ணாகி, கல்யாணம் ஆகி, பிரபவ முதல் அட்சய வரை அறுபது பிள்ளை பெற்று, இன்னொரு முழுக்கில் பழையபடி நாரதராக எழுந்தார். ஞானவாசிட்டத்து இலவண ராஜாவும் சிம்மாசனத்தில் இருந்தபடி ஒரு நொடியில் முழு வாழ்க்கை வாழ்ந்து திரும்பியவர்தான். உண்மை, கரு பழையது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நம் கதைகளில் எழுப்பிவிட ஒருவர் இருக்கிறார். முழித்த பிறகு, முழித்துவிட்டோம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. இந்தப் படத்தில் எழுப்பிவிட ஆளில்லை. ஒரு சின்ன உலோகப் பம்பரம்தான் இருக்கிறது. கயிறு சுற்றாமல், விரலால் திருகி விடுகிற பம்பரம். சுற்றி விழுந்தால் நனவு. விழாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கனவு. மனிதனைத் தன்னந்தனியாகப் பம்பரத்தோடு விட்டுவிட்டார்கள். அதுதான் புதிது. அதுதான் என்னைத் தொட்டது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். படம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே ஒரு பாட்டு கேட்டது. கனவில் இருப்பவர்களுக்கு, நேரமாகிறது, முழித்துக்கொள்ளத் தயாராகு என்று காதில் போடுகிற பாட்டு. முதல் எக்காள ஓசையிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதித் பியாஃப்! எதற்கும் எனக்கு வருத்தமில்லை என்று அந்தக் குட்டி உருவம் தொண்டை கிழியப் பாடிய 1960-ஆம் வருடப் பாட்டு. அந்த வரிசையில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அர்த்தம் தெரிந்திருக்குமோ. பேரன் என் பக்கம் சாய்ந்து, "என்ன பாடுறாங்க தாத்தா?" என்றான். "எதுக்கும் வருத்தமில்லைன்னு பாடுறாங்க" என்றேன். "ஓ" என்றான். அந்த ஒரு நிமிடம் நான் அவனுக்கு நூலுருண்டை கொடுத்தேன்.

அந்த அர்த்தம் தெரிந்தால் படமே வேறு படம். காப் என்பவன் வருத்தத்தாலேயே செய்த மனிதன். அவனும் மனைவி மாலும் அந்த அடியில்லாத கிணற்றில், தாங்களே கட்டிய ஊரில், ஐம்பது வருடம் வாழ்ந்தவர்கள். திரும்பி வர அவளுக்கு மனமில்லை. 'இந்த உலகம் நிஜமில்லை' என்ற எண்ணத்தை அவன்தான் அவள் மனதில் ஊன்றினான். திரும்பி வந்தார்கள். ஆனால் ஊன்றியது வேரோடு நின்றுவிட்டது. நனவு உலகத்தையும் அவள் கனவு என்றே நம்பினாள்; முழித்துக்கொள்வதற்காக ஹோட்டல் ஜன்னலிலிருந்து குதித்துவிட்டாள். அதிலிருந்து அவன் எந்தக் கனவுக்குள் போனாலும் அவள் வந்து நிற்கிறாள், எல்லாவற்றையும் கெடுக்கிறாள். அப்படிப்பட்டவன் காதுக்குப் போட்ட பாட்டு, வருத்தமில்லை என்கிற பாட்டு! மனைவியாக நடித்திருப்பவர் மரியோன் கொத்தியார்; வேறொரு படத்தில் பியாஃபாகவே நடித்து ஆஸ்கர் பரிசு வாங்கியவர்.

வீட்டுக்கு வந்து பேரன் இன்னொன்றும் காட்டினான். அந்தப் பாட்டின் வேகத்தைக் கணினியில் குறைத்துக்கொண்டே போனான். படம் முழுக்க இடி மாதிரி, துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற மாதிரி நெஞ்சை அதிரவைத்த அந்த ஓசை வந்தது. இசையமைத்த ஹான்ஸ் ஸிம்மர் அதிலிருந்துதான் எடுத்திருக்கிறார். இரண்டரை நிமிடம்கூட நீளாத பாட்டு. மெதுவாக்கினால் இப்படிப் பயமுறுத்துகிறது.

எனக்கு இது ஏன் இவ்வளவு பட்டது என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

1962 ஆகஸ்ட் 16-இல் நம் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. இங்கே பிறந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம். 'ஒப்சியோன்' என்று அப்போது வீட்டுக்கு வீடு அதே பேச்சு. எனக்கு இருபத்து மூன்று வயது. புதிதாகக் குமாஸ்தா வேலை. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பன் எழுதிக் கொடுத்துவிட்டான். பியாஃபின் இசைத்தட்டை நான் முதலில் கேட்டது அவன் வீட்டில்தான். பிரான்சில் ராணுவத்தில் இருந்த அவன் அண்ணன் அனுப்பியது. நானும் பாரத்தைப் பூர்த்தி செய்தேன். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி எல்லாம் அழகான பிரெஞ்சுக் கையெழுத்தில் நிரப்பினேன். கையொப்பம் மட்டும் போடவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை; சாப்பிடாமல் இருந்தார், அவ்வளவுதான். அவகாசம் முடிந்தது. நண்பன் கப்பலேறினான்.

பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? காப் செய்ததைத்தான் செய்தேன். கட்டினேன். பாரிசுக்கு வெளியே ஒரு சின்ன வீடு. ஜன்னலுக்கு வெளியே நான் பார்த்தேயிராத பனி. அலுவலகத்தில் அதிகாரி கடிந்துகொண்ட நாளெல்லாம், சம்பளம் போதாத மாதமெல்லாம் அந்த வீட்டுக்குப் போய்விடுவேன். ஒரு அறை கூட்டுவேன், ஒரு அலமாரி வைப்பேன். கையொப்பம் போட ஒரு விநாடி ஆகும். போடாத அந்த ஒரு விநாடி எனக்குள் நாற்பத்தெட்டு வருடமாக நீண்டுகொண்டிருந்தது. எந்த மருந்துக்காரன் கணக்கிலும் இது அடங்காது.

படத்தின் கடைசிப் பகுதியில் காப் தன் மனைவியின் நிழலிடம் பேசுகிறான். நீ நானே கற்பனை செய்தவள், அவளுடைய நிறையும் குறையும் முழுதாக உன்னிடம் இல்லை, நீ போதவில்லை என்ற பொருள்பட ஏதோ சொல்லுகிறான். அந்த ஆங்கிலம் எனக்கு எப்படியோ முழுக்கப் புரிந்தது. இருட்டில் உட்கார்ந்து என் பாரிஸ் வீட்டைப் பார்த்தேன். அத்தனை அறை கட்டியிருந்தேனே, அதில் என் மனைவி இல்லை. அவளை நான் 1966-இல் வில்லியனூரில் பெண் பார்த்தேன். கப்பலேறியிருந்தால் அது நடந்திருக்காது. என் மகன் இல்லை. பக்கத்தில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்த இந்தப் பையன் இல்லை. ஆளில்லாத வீட்டுக்கு நாற்பத்தெட்டு வருடம் வெள்ளையடித்திருக்கிறேன்.

கடைசிக் காட்சி. காப் வீட்டுக்கு வந்துவிட்டான். வழக்கம்போல மேஜை மேல் பம்பரத்தைச் சுழற்றுகிறான். பம்பரம் சுற்றுகிறது, லேசாகத் தள்ளாடுகிறது, திரை இருண்டுவிடுகிறது. கொட்டகை முழுக்க "ஆ..." என்று ஒரு சத்தம். வெளியே வந்தால் படிக்கட்டிலேயே சண்டை. விழுந்துவிட்டது, கனவில்லை என்று ஒரு கட்சி. விழவில்லை, எல்லாம் கனவு என்று ஒரு கட்சி. திரும்புகிற பேருந்தில் பேரன் திண்டிவனம் வரைக்கும் வாதாடினான்.

என் கட்சி மூன்றாவது. பம்பரம் விழுந்ததா என்பதல்ல கேள்வி. சுழற்றியவன் அதைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகளின் முகம் தெரிந்ததும் பம்பரத்தை மறந்து அவர்களிடம் போய்விட்டான். படம் முழுக்க எந்தப் பம்பரத்தை உற்று உற்றுப் பார்த்தானோ, அதை. பார்த்துக்கொண்டிருந்தது நாம்தான்.

இளைஞர்கள் இந்தப் படத்தில் பூட்டைப் பார்க்கிறார்கள். எத்தனை மாடி, எத்தனை மடங்கு, யார் கனவு என்று அதைத் திறப்பதிலேயே அவர்களுக்குச் சந்தோஷம். தப்பில்லை, அந்த வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் பூட்டுக்குப் பின்னால் இருக்கிற அறை நம்முடையது. செய்ததையும் செய்யாததையும் நினைத்துப் பாதி ராத்திரியில் முழித்துக்கொள்கிறவர்களின் படம் இது. ஆகவே நமக்கெதுக்கு என்று சொல்லாதீர்கள். போய்ப் பாருங்கள். இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடம் ஓடுகிறது. உள்ளே போகுமுன் தண்ணீர் அதிகம் குடிக்காதீர்கள். முடிந்தால் பேரனையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு போங்கள். இடைவேளையில் வெட்கப்படாமல் சந்தேகம் கேளுங்கள். அவர்களும் உங்களிடம் ஏதாவது ஒன்று கேட்பார்கள்.

ராத்திரி வீடு வந்து சேர்ந்ததும் மனைவி, "என்னங்க கதை?" என்றாள். "ஒருத்தன் தன் வீட்டுக்குப் போக வழி தேடுறான்" என்றேன். "அதுக்கா ரெண்டரை மணி நேரம்?" என்றாள். பிறகு சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பாரத்தைப் பற்றிச் சொன்னேன். டிரங்குப் பெட்டியின் அடியில் இன்னும் இருக்கிறது என்பது அவளுக்கு எப்போதோ தெரியும். நாற்பத்து நான்கு வருடமாக அந்தப் பெட்டியைத் தூசு தட்டுகிறவள் அவள்தானே. "அதுல கரப்பான் முட்டை வெச்சிருக்கு. எடுத்துப் போட்டா என் பட்டுப்புடவைக்கு எடம் ஆகும்" என்றாள்.

இன்னும் எடுத்துப் போடவில்லை. ஆனால் மாதம் ஒரு முறையாவது திறந்து பார்ப்பேன். இந்த மாதம் பார்க்கவில்லை.